கோவிட்-19 நோயாளர்களில் கண் சிக்கல்கள்

கோவிட்-19 நோயாளர்களில் கண் சிக்கல்கள் என்பன, 2019-ஆம் ஆண்டின் இறுதியில் கண்டறியப்பட்ட புதிய கொரோனா வைரசின் தொற்றுக்கு உள்ளானவர்களிடம் அந்நோயின் போதோ, அதன் சிகிச்சையின் போதோ, குணமடைந்த பின்னரோ கண்ணிலும் கண்ணைச் சூழ்ந்த உறுப்புகளிலும் தோன்றும் பாதிப்புகள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை தாமாகவே மறையும் கண் சிவப்பு, நீர்வடிதல் போன்ற எளிய தொல்லைகளே. மிகச் சிலருக்கு மட்டும் விழித்திரைக் குருதிக்குழாய் அடைப்பு, பார்வை நரம்பு அழற்சி, கரும்பூஞ்சை நோய் என்று பரவலாக அறியப்பட்ட மியூக்கோர்மைக்கோசிசு ஆகிய கடும் பாதிப்புகள் ஏற்பட்டன. கரும்பூஞ்சை நோய் பார்வையை மட்டுமன்றி உயிரையும் பறிக்க வல்லது. 2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலையின்போது இந்நோய் இந்தியாவில் பல்லாயிரம் பேரைத் தாக்கியது. தமிழ்நாட்டில் சென்னை, செங்கல்பட்டு முதலிய மாவட்டங்களில் கொரோனாத் தொற்று உச்சத்தை அடைந்த அதே வாரங்களில் இந்நோயும் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது.

வைரசும் கண்ணும்

கொரோனா வைரசு மனித உயிரணுவினுள் நுழைவதற்கு உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏசிஇ-2 என்னும் புரத ஏற்பியைப் பயன்படுத்துகிறது. இவ்வேற்பி நுரையீரல், மூக்கு ஆகியவற்றில் இருப்பதைப் போலவே, விழிவெண்படலத்திலும் விழிவெண்படலத்தை ஒட்டிய கருவிழியின் மேலடுக்கிலும் குறைந்த அளவில் காணப்படுகிறது. மேலும், கண்ணீர் ஒரு நுண்குழாய் வழியே மூக்கினுள் வடிவதால், கண்ணில் படும் வைரசு மூச்சுப்பாதையைச் சென்றடையவும் வழி உண்டு. நோயாளர்களுக்கு அருகில் பணிபுரிந்த மருத்துவர்களும் செவிலியர்களும் முகக்கவசத்துடன் கண் கவசமும் அணிந்தமைக்கு இதுவே காரணம்.

இப்பெருந்தொற்றைப் பற்றி முதலில் எச்சரித்தவர்களுள் ஒருவரான சீனாவின் ஊகான் நகர மருத்துவர் லி வென்லியாங் ஒரு கண் மருத்துவர் ஆவார். கண் அழுத்த நோய்க்குச் சிகிச்சை பெற வந்த ஒருவரிடமிருந்து அவருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. அவர் 2020 பெப்ரவரி 7 அன்று உயிரிழந்தார்.

எளிய பாதிப்புகள்

கோவிட்-19 நோயாளர்களில் மிகுதியாகக் காணப்படும் கண் பாதிப்பு விழிவெண்படல அழற்சி ஆகும். கண் சிவத்தல், நீர்வடிதல், உறுத்தல், இமை வீக்கம் ஆகியன இதன் அறிகுறிகள். சீனாவின் ஊபேய் மாகாணத்தில் 38 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேருக்கு இவ்வகை அறிகுறிகள் இருந்தன. எனினும் இருவரின் விழிவெண்படல மாதிரியில் மட்டுமே வைரசு கண்டறியப்பட்டது. அந்த 38 பேரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தவர்கள் என்பதால், இவ்விகிதத்தைத் தொற்றுற்ற அனைவருக்கும் பொருத்திப் பார்க்க இயலாது. 2023 ஏப்ரலில் ஒமிக்ரான் வகையின் ஓர் உட்பிரிவு பரவியபோது, இந்தியாவில் குழந்தைகளிடம் அரிப்புடன் கூடிய கண் சிவப்பு காணப்பட்டதாக மருத்துவர்கள் குறிப்பிட்டனர்.

தமிழ்நாட்டில் "மெட்ராஸ் ஐ" என வழங்கப்படும் கண்ணோய் இதிலிருந்து வேறானது. அது பெரும்பாலும் அடினோவைரசுகளால் உண்டாவது. மிக எளிதில் பிறருக்குப் பரவுவது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் இந்நோய் பரவலாகக் காணப்பட்டது. கண் சிவப்பை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய இயலாது.

முகக்கவசத்தின் மேல்விளிம்பு தளர்ந்திருந்தால் வெளிவிடும் மூச்சுக்காற்று கண்ணை நோக்கிச் சென்று கண்ணீரை உலர்த்தும். இதனால் கண் வறட்சி ஏற்படுவதும், கைகளைத் தூய்மை செய்யும் ஆல்ககால் கலவை குழந்தைகளின் கண்ணில் பட்டு எரிச்சல் ஏற்படுவதும் பெருந்தொற்றுக் காலத்தில் பதிவு செய்யப்பட்டன. இவை வைரசின் நேரடி விளைவுகள் அல்ல.

விழித்திரையும் பார்வை நரம்பும்

கோவிட்-19 நோய் குருதி உறையும் தன்மையை மிகுவிக்கிறது. இதன் விளைவாகச் சிலருக்கு விழித்திரையின் தமனியோ சிரையோ அடைபட்டு, வலியின்றித் திடீரெனப் பார்வை குறைகிறது. 2020 மே மாதத்தில் பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 12 நோயாளர்களின் விழித்திரையைப் படமெடுத்து ஆராய்ந்து, அவர்களுள் நால்வருக்குப் பஞ்சுத்துணுக்கு போன்ற வெண்புள்ளிகளும் நுண்ணிய குருதிக்கசிவும் இருந்ததை வெளியிட்டனர். அவர்களின் பார்வைத்திறன் பாதிக்கப்படவில்லை.

பார்வை நரம்பு அழற்சி, கண்ணை அசைக்கும் நரம்புகள் செயலிழந்து இரட்டைப் பார்வை ஏற்படுதல் ஆகியனவும் அரிதாகக் காணப்பட்டன. தொற்றுக்குச் சில வாரங்களுக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் பல்லுறுப்பு அழற்சி நோய்த்தொகுதியில், காய்ச்சல், தோல் தடிப்பு ஆகியவற்றுடன் இரு கண்களும் சீழின்றிச் சிவத்தல் ஓர் அறிகுறியாகும்.

சிகிச்சையால் நேரும் பாதிப்புகள்

செயற்கைச் சுவாசக் கருவியில் மயக்க நிலையில் வைக்கப்பட்டவர்களின் இமைகள் முழுமையாக மூடாவிடில் கருவிழி உலர்ந்து புண்ணாகும். குப்புறப் படுக்க வைக்கும்போது கண்ணினுள் அழுத்தம் உயரும். ஸ்டீராய்டு மருந்துகள் சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்துவதுடன், நீண்ட நாள் பயன்பாட்டில் கண்புரையையும் உண்டாக்குகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றை இமைகளை மூடி ஒட்டுதல், களிம்பிடுதல், கண் அழுத்தத்தை அளத்தல் போன்ற எளிய முறைகளால் தவிர்க்கலாம் அல்லது முன்னரே கண்டறியலாம்.

கரும்பூஞ்சை நோய்

கரும்பூஞ்சை நோய் என்பது மியூக்கோரேல்சு வரிசையைச் சேர்ந்த பூஞ்சைகளால் உண்டாகும் நோய் ஆகும். இப்பூஞ்சைகள் மண், எரு, அழுகும் இலை, பழம், ரொட்டி ஆகியவற்றில் இயல்பாக வளர்பவை. இவற்றின் வித்துகள் காற்றில் எங்கும் உள்ளன. அனைவரும் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கின்றனர். நலமான உடலில் வெள்ளணுக்கள் அவற்றை அழித்துவிடுகின்றன. எனவே இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

இந்நோய் மனிதரிடம் ஏற்படுவதை 1885-இல் பால்டாப் என்பவர் முதன்முதலாக விவரித்தார். பெருந்தொற்றுக்கு முன்னரே இந்தியாவில் இந்நோய் பிற நாடுகளைவிடப் பன்மடங்கு மிகுதியாக, 1,000 பேருக்கு 0.14 என்னும் அளவில் இருந்ததாக மதிப்பிடப்பட்டிருந்தது. கட்டுப்படுத்தப்படாத நீரிழிவே இதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்பட்டது.

பூஞ்சையின் நிறம் கருப்பன்று. அது குருதிக்குழாய்களைத் துளைத்து உள்ளே வளர்வதால் குருதி உறைந்து, அப்பகுதித் திசு இறந்து கருமையாகிறது. இக்கருமையே பெயருக்குக் காரணம்.

நோய் உண்டாகும் விதம்

கோவிட்-19 நோயாளர்களிடம் மூன்று காரணிகள் ஒன்றுசேர்ந்தன.

* உயர் குருதிச் சர்க்கரை: நீரிழிவு உள்ளவர்களுக்குத் தொற்றினால் சர்க்கரை மேலும் உயர்ந்தது. முன்பு நீரிழிவு அறியப்படாத சிலருக்கும் சர்க்கரை உயர்ந்தது. மிகு சர்க்கரையும் குருதியின் அமிலத்தன்மையும் பூஞ்சை வளர்வதற்குத் தேவையான இரும்பைக் கட்டவிழ்த்துத் தருகின்றன.
* ஸ்டீராய்டு மருந்துகள்: இவை நுரையீரல் அழற்சியைத் தணிக்கின்றன. அதே வேளையில் பூஞ்சையை அழிக்கும் வெள்ளணுக்களின் செயலைக் குறைத்து, குருதிச் சர்க்கரையையும் உயர்த்துகின்றன.
* வைரசு தொற்று: இது மூக்கு, குருதிக்குழாய் ஆகியவற்றின் உட்சுவரைச் சேதப்படுத்துகிறது.

பூஞ்சை முதலில் மூக்கிலும் அதைச் சூழ்ந்த முக எலும்புகளின் காற்றறைகளிலும் (சைனசு) வேரூன்றுகிறது. இக்காற்றறைக்கும் கண்குழிக்கும் இடையே தாள் போன்ற மெல்லிய எலும்பே உள்ளது. அதைக் கடந்து கண்குழியை அடையும் பூஞ்சை, கண்ணை அசைக்கும் தசைகளையும் நரம்புகளையும் தாக்கிப் பார்வை நரம்புவரை செல்கிறது. அங்கிருந்து மூளையை அடைகிறது. இப்பயணத்திற்குச் சில நாட்களே போதும்.

ஸ்டீராய்டு குறித்த தெளிவு

ஸ்டீராய்டு மருந்து கோவிட்-19 சிகிச்சையில் தவறானது அன்று. 2020 சூனில் பிரித்தானியாவில் நடந்த ரெக்கவரி ஆய்வு, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் 10 நாட்கள் வரை கொடுத்தபோது, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிசன் பெற்றவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்ததைக் காட்டியது. ஆக்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் ஏதும் காணப்படவில்லை. தேவையற்றவர்களுக்கும், தேவையான அளவைவிட மிகுதியாகவும், நோயின் தொடக்கத்திலேயும், சர்க்கரையைக் கண்காணிக்காமலும் இம்மருந்து கொடுக்கப்பட்டதே கரும்பூஞ்சை பெருகக் காரணமாயிற்று.

அறிகுறிகள்

* ஒரு பக்கத்தில் மட்டும் முகவலி, தலைவலி, கன்னத்தில் மரத்துப்போன உணர்வு
* மூக்கடைப்பு, மூக்கிலிருந்து கருமையான அல்லது குருதி கலந்த கசிவு
* பல்வலி, பல் ஆட்டம், மேலண்ணத்தில் கருமை
* ஒரு கண்ணைச் சுற்றி வலியும் வீக்கமும், கண் முன்தள்ளுதல்
* இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, கண்ணை அசைக்க இயலாமை
* பார்வை மங்குதல் அல்லது திடீர்ப் பார்வையிழப்பு

இவற்றுள் முதல் மூன்றும் பெரும்பாலும் கண் பாதிப்புக்கு முன்னரே தோன்றுபவை. அந்நிலையில் நோய் கண்டறியப்பட்டால் கண்ணைக் காப்பதற்கான வாய்ப்பு மிகுதி. ஆனால் இவ்வறிகுறிகள் சாதாரணச் சளி, பல் நோய், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றை ஒத்திருப்பதால் பலர் மாத்திரை உட்கொண்டு காத்திருந்தனர்.

கண்டறிதலும் சிகிச்சையும்

மூக்கின் உட்புறத்தை உள்நோக்கிக் கருவியால் பார்த்து, அங்குள்ள திசுவை எடுத்துப் பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் காணும்போது, தடுப்புச் சுவர்கள் அரிதாகவே கொண்ட அகன்ற நாடா போன்ற பூஞ்சை இழைகள் தென்படும். இச்சோதனையின் முடிவைச் சில மணி நேரத்திலேயே பெறலாம். நோய் பரவியுள்ள எல்லையைக் காந்த ஒத்ததிர்வுப் படம் காட்டும்.

சிகிச்சை மூன்று பகுதிகளைக் கொண்டது: குருதிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தல், இறந்த திசுக்களை அறுவையால் அகற்றுதல், ஆம்போடெரிசின்-பி மருந்தை நரம்புவழி ஏற்றுதல். இறந்த திசுவினுள் குருதி ஓட்டம் இல்லாததால் மருந்து அங்குச் சென்றடையாது. ஆகவே அறுவை இன்றி மருந்து மட்டும் பெரும்பாலும் போதுவதில்லை. காது-மூக்கு-தொண்டை மருத்துவர், கண் மருத்துவர், பொது மருத்துவர், நரம்பு அறுவை மருத்துவர் ஆகியோர் இணைந்து செயற்பட வேண்டியுள்ளது.

கண்குழியில் நோய் எல்லைக்குட்பட்டிருந்தால் ஆம்போடெரிசின் மருந்தைக் கண்ணின் பின்புறம் ஊசி மூலம் செலுத்திக் கண்ணைக் காக்க முயல்வர். பார்வை முற்றிலும் அழிந்து நோய் மூளையை நோக்கிப் பரவும் நிலையில், உயிரைக் காக்கக் கண்ணையும் கண்குழித் திசுக்களையும் முழுமையாக அகற்ற நேரிடும். பின்னர் போசகோனசோல் அல்லது இசவுகோனசோல் மாத்திரைகள் தொடரப்படும்.

இந்தியாவில் பரவல்

இந்திய நலவாழ்வு அமைச்சகம் 2021 மே 20 அன்று இந்நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. 2021 சூன் 28 வரை நாட்டில் 40,845 பேர் பாதிக்கப்பட்டதாகவும், 3,129 பேர் இறந்ததாகவும் நடுவண் அரசு தெரிவித்தது. பாதிக்கப்பட்டவர்களுள் 34,940 பேர் கோவிட்-19 தொற்று உற்றவர்கள். 26,187 பேர் நீரிழிவு உள்ளவர்கள். 21,523 பேர் ஸ்டீராய்டு பெற்றவர்கள்.

இந்தியக் கண் மருத்துவர்கள் ஒன்றிணைந்து 2,826 நோயாளர்களின் தரவுகளைத் தொகுத்து 2021 சூலையில் வெளியிட்ட ஆய்வின் முதன்மை முடிவுகள் வருமாறு:

* சராசரி வயது 51.9, ஆண்கள் 71%
* நீரிழிவு உள்ளவர்கள் 78%
* ஸ்டீராய்டு பெற்றவர்கள் 87%. ஆக்சிசன் தேவைப்பட்டவர்கள் 57%
* கண்குழி பாதிக்கப்பட்டவர்கள் 72%
* இறந்தவர்கள் 14%

ஆக்சிசன் தேவைப்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கும் இடையே உள்ள இடைவெளி, ஆக்சிசன் தேவைப்படாத பலருக்கும் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதைக் காட்டுகிறது. பெரும்பாலோருக்கு அறிகுறிகள் கோவிட்-19 உறுதியான 10 முதல் 15 நாட்களுக்குள் தோன்றின. 44% பேருக்கு 14 நாட்களுக்குப் பின்னரே, அதாவது பலர் வீடு திரும்பிய பின்னரே தோன்றின.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் கரும்பூஞ்சையை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அம்மாதம் 10-ஆம் நாள் முதல் மாநிலத்தில் முழு ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. மே 24 முதல் தளர்வுகளற்ற ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது.

மருந்துத் தட்டுப்பாடும் இக்காலத்தில் கடுமையாக இருந்தது. கொழுப்புறையிட்ட ஆம்போடெரிசின் மருந்து ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்னும் அளவில் கொடுக்கப்படுகிறது. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு 50 மில்லிகிராம் குப்பிகள் நாளொன்றுக்கு 6 வேண்டும். மூன்று வாரத்திற்கு 126 குப்பிகள் வேண்டும். நடுவண் அரசு மாநிலங்களுக்கு இம்மருந்தைப் பங்கிட்டு அளித்தது. 2021 சூன் 12 அன்று சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் இம்மருந்தின் மீதான வரியை நீக்கியது.

சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. சென்னையின் தெற்கே அமைந்த மாவட்டங்களின் கண் நோயாளர்களுக்கு இது நெடுங்காலமாக உயர்நிலை மருத்துவமனையாக விளங்குகிறது.

செங்கல்பட்டும் மாமல்லபுரக் கடற்கரையும்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. உருவாகி நான்கு மாதங்கள் நிறைவதற்குள் பெருந்தொற்றை எதிர்கொண்ட இம்மாவட்டம், தாம்பரம், பல்லாவரம் போன்ற நெருக்கமான புறநகர்களையும், கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் ஆகிய கடற்கரை ஊர்களையும் ஒருங்கே கொண்டது. இரண்டு அலைகளிலும் சென்னைக்கு அடுத்து மிகுந்த தொற்று பதிவான மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. 1965-இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இம்மாவட்டத்தின் முதன்மை அரசு மருத்துவமனை ஆகும்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலும், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவிலும் உள்ளன. சாதாரண நாட்களில் இது பேருந்தில் கடக்கும் தொலைவே. பொதுப் போக்குவரத்து நிறுத்தப்பட்ட முழு ஊரடங்கில், சில நாட்களுக்குள் கண்ணைக் காக்க வேண்டிய இந்நோய்க்கு அத்தொலைவு பெரிதாகிறது. மே 21-இன் உச்சத்தில் தொற்று உறுதியானவர்களுக்கு, மேற்கண்ட ஆய்வின்படி கரும்பூஞ்சை அறிகுறி தோன்றக்கூடிய 10 முதல் 15 நாட்கள் மே 31-க்கும் சூன் 5-க்கும் இடையே, அதாவது தளர்வுகளற்ற ஊரடங்கின் நாட்களிலேயே அமைந்தன.

இக்கடற்கரையின் முதன்மைத் தொழில்கள் மீன்பிடித்தலும் கற்சிற்பம் செதுக்குதலும் சுற்றுலாவும் ஆகும். மாமல்லபுரம் கற்சிற்பம் 2017-இல் புவிசார் குறியீடு பெற்றது. கடற்காற்று, வெயில், உப்புநீர் ஆகியவற்றால் மீனவர்க்கும், உளியும் அரவை எந்திரமும் எழுப்பும் கல்தூளால் சிற்பிகளுக்கும் கண் சிவப்பு அன்றாட நிகழ்வு. எனவே இவர்களிடம் கண் சிவப்பு மட்டும் எதையும் உணர்த்துவதில்லை. தூசியாலும் வெயிலாலும் வரும் சிவப்பு பெரும்பாலும் இரு கண்களிலும் தோன்றும், ஓய்வில் தணியும், பார்வையைக் குறைக்காது. ஒரு கண்ணில் மட்டும் வலியுடன் வீக்கம், இமை தொங்குதல், இரட்டைப் பார்வை ஆகியன தூசியால் வருபவை அல்ல. இவ்வேறுபாட்டை அறிந்திருப்பதே இத்தகைய ஊர்களில் காலத்தாழ்வைக் குறைக்கும் முதல் வழியாகும்.

ஒரு கண் இழந்தோரின் நிலை

கண் அகற்றப்பட்டவர்களுக்குச் செயற்கைக் கண் அல்லது கண்குழியை மூடும் சிலிக்கான் முகவுறுப்பு பொருத்தப்படுகிறது. இவை தோற்றத்தைச் சீராக்கும், பார்வையைத் தரா. ஒரே கண்ணால் காண்பவர்க்குத் தொலைவையும் ஆழத்தையும் கணிக்கும் திறன் குறைகிறது. கல்லின் மீது உளியை நிறுத்துவதற்கும், அலையில் ஆடும் படகில் கயிற்றைப் பற்றுவதற்கும், வாகனம் ஓட்டுவதற்கும் அத்திறன் வேண்டும்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி பெரும்பாலான ஒதுக்கீடுகளுக்கும் உதவிகளுக்கும் குறைந்தது 40% குறைபாடு தேவை. 2018-இன் மதிப்பீட்டு நெறிமுறைகளின்படி, ஒரு கண் முற்றிலும் பார்வை இழந்து மற்றொரு கண் நலமாக இருப்பின் பார்வைக் குறைபாடு 30% எனவே கணக்கிடப்பட்டது. இதனால் கரும்பூஞ்சையிலிருந்து உயிர் பிழைத்து ஒரு கண்ணை இழந்தவர், பார்வையளவை மட்டும் கொண்டு இவ்வுதவிகளைப் பெற இயலவில்லை.

தவறான கருத்துகள்

* கரும்பூஞ்சை தொற்றுநோய் அன்று. நோயாளரைத் தொடுவதாலோ அருகில் இருப்பதாலோ பரவாது.
* வெங்காயத்தின் மேல்தோலில் காணப்படும் கருமை இந்நோயின் பூஞ்சை அன்று. அது வேறு இனப் பூஞ்சையாகும்.
* ஆக்சிசன் பெற்றவர்களுக்கு மட்டுமே இந்நோய் வரும் என்பது தவறு. மேற்கண்ட ஆய்வில் 43% பேர் ஆக்சிசன் தேவைப்படாதவர்கள்.
* சொட்டு மருந்தால் இந்நோயைக் குணப்படுத்த இயலாது. மருத்துவரின் அறிவுரையின்றி ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்துகளைப் பயன்படுத்துவது தீங்கானது.

தடுப்பு

உலக நலவாழ்வு அமைப்பு 2023 மே 5 அன்று கோவிட்-19 உலகளாவிய அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது. கரும்பூஞ்சையின் பெரும்பரவலும் இரண்டாம் அலையுடன் தணிந்தது. ஆனால் அதற்கு அடித்தளமாக இருந்த நீரிழிவு தணியவில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோருள் 14.4% பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. 2021 ஆகத்து 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், நீரிழிவுக்கும் உயர் குருதி அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் வீடுகளுக்கே கொண்டு சென்று தரப்படுகின்றன.

குருதிச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், ஸ்டீராய்டு மருந்தை மருத்துவர் குறித்த அளவிலும் நாட்களிலும் மட்டும் எடுத்தல், அம்மருந்து எடுக்கும் நாட்களில் சர்க்கரையை அளந்து பார்த்தல் ஆகியன முதன்மைத் தடுப்பு முறைகள். நீரிழிவு உள்ளவர்களோ ஸ்டீராய்டு பெற்றவர்களோ தொற்றிலிருந்து குணமடைந்த பின், முகத்தின் ஒரு பக்கத்தில் வலி, மரத்துப்போதல் அல்லது ஒரு கண்ணில் வீக்கம் தோன்றினால், பார்வை குறையும் வரை காத்திராமல் அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரும் கண் மருத்துவரும் உள்ள மருத்துவமனையை அணுக வேண்டும் என மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.